நீண்ட நேர இன்சுலின்: யூனிட்டைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் சுகர் 180 காட்டுகிறது. அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி இட்லியிலிருந்து வந்ததல்ல, கல்லீரல் விட்டது. நாம் சாப்பிடாத நேரத்திலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அதை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இந்த வரத்துக்குக் கடிவாளம் போடுவது கணையம் சதா சுரக்கும் சிறிதளவு இன்சுலின். அது போதாதபோது வெளியிலிருந்து போட்டுக்கொள்வதுதான் நீண்ட நேர இன்சுலின். டாக்டர்கள் 'பேசல்' என்று சொல்வது இதைத்தான்.

சாப்பாட்டால் ஏறும் சுகரைப் பிடிப்பது இதன் வேலையல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பின் 280 இருக்கிறதே என்று இரவு ஊசியைக் கூட்டுகிறவர்கள் ஏராளம். மதியச் சுகர் அதனால் பெரிதாக இறங்காது. விடியற்காலையில்தான் வேர்த்துக்கொட்டி எழுந்து உட்காருவார்கள். இந்த மருந்துக்கு அளவுகோல் காலை வெறும் வயிற்றுச் சுகர்தான்.

தொடங்கும் அளவும் மாற்றும் அளவும் உங்கள் டாக்டருடன் பேசி முடிவு செய்ய வேண்டியவை. கீழே வரும் எண்கள் அந்தப் பேச்சு உங்களுக்குப் புரிவதற்கும், வீட்டில் கைப்பக்குவம் சரியாக அமைவதற்கும்.

கையில் இருப்பது எந்த மருந்து?

அரசு மருத்துவமனைகளிலும் விலை குறைவாகவும் கிடைக்கும் பழைய வகை என்பிஎச். பால் போலக் கலங்கி இருக்கும். கறாராகச் சொன்னால் இது நடுத்தர வகைதான். 12 முதல் 18 மணி நேரம் வேலை செய்யும், போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அந்த உச்சம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். இதனால்தான் பலருக்கு இதைப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள்.

கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவானது. லான்டஸ், பேசலாக், கிளாரிட்டஸ் எல்லாம் இதுதான். குப்பிக்குள் அமிலத்தன்மையோடு இருக்கும் மருந்து தோலுக்கடியில் போனதும் நுண்ணிய படிவாக உறைந்து, அதிலிருந்து மெல்லக் கரைந்து வருகிறது. போடும்போது சிலருக்கு லேசாக எரிவதும் அந்த அமிலத்தால்தான். ஏறக்குறைய 24 மணி நேரம் தாங்கும். சிலருக்கு 20 மணி நேரத்திலேயே வலு குறைந்துவிடும். அவர்களுக்கு அடுத்த ஊசி போடும் வேளைக்குச் சற்று முன்பு தினமும் சுகர் ஏறியிருக்கும்.

டௌஜியோவும் கிளார்ஜின்தான், ஆனால் மூன்று மடங்கு செறிவு. படிவு சின்னதாக இருப்பதால் இன்னும் மெதுவாகக் கரையும். ட்ரெசிபா என்னும் டெக்ளுடெக் தோலுக்கடியில் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கும்.

இவற்றில் எதன் அளவை மாற்றினாலும் மறுநாள் காலையே பலனைத் தேடாதீர்கள். புதிய அளவு உடலில் நிலைபெறக் கிளார்ஜினுக்கு இரண்டு முதல் நான்கு நாட்கள், டெக்ளுடெக்குக்கு மூன்று நான்கு நாட்கள், டௌஜியோவுக்கு ஐந்து நாட்கள் வரை ஆகும். இன்று இரண்டு கூட்டி, நாளை இரண்டு கூட்டி, நாளை மறுநாளும் கூட்டினால், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வாரக்கடைசியில் லோ சுகரில் தள்ளும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது யூனிட் அப்படியே செல்லாது. தினம் இருவேளை என்பிஎச் போட்டவர் ஒருவேளை கிளார்ஜினுக்கு மாறினால் மொத்த அளவில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். டௌஜியோவிலிருந்து சாதாரண கிளார்ஜினுக்கு வரும்போதும் இதே 20 சதவீதக் குறைப்புதான். மருந்துக்கடையில் 'அது இல்லை, இதுவும் அதேதான்' என்று வேறு பேனாவை நீட்டினால் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்தியாவில் குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். உயிருக்கே ஆபத்தாகும் தவறு நடப்பது இங்கேதான்.

என்பிஎச் போன்ற பழைய இன்சுலின் குப்பிகள் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அதற்கான சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. கிளார்ஜின் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு. குப்பியின் லேபிளிலும் சிரிஞ்சின் உடலிலும் 40 அல்லது 100 என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மாறினால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. அதாவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குப் போவது வெறும் 8 யூனிட். முதல் தவறு அன்றிரவே தெரிந்துவிடும். இரண்டாவது, வாரக்கணக்கில் சுகர் ஏறிக்கொண்டே போனாலும் காரணம் பிடிபடாமல் கிடக்கும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் வாங்கி வரும் சிரிஞ்ச் 100 அளவுடையதாகத்தான் இருக்கும். நல்ல மனதோடு தந்தது என்பதற்காக 40 குப்பிக்கு அதை எடுக்காதீர்கள்.

பேனாவுக்குள் இருக்கும் மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சவே கூடாது. டௌஜியோ பேனாவிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 60 யூனிட் போய்விடும். கிளார்ஜினையோ டெக்ளுடெக்கையோ வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலப்பதும் கூடாது. அமிலத்தன்மை கெட்டுக் கிளார்ஜின் குழம்பிப்போனால் அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேனாவில் போடும் முறை

1. மருந்தின் பெயரையும் நிறத்தையும் பாருங்கள். வேளைக்கு ஒன்றாக இரண்டு பேனா வைத்திருப்பவர்கள் மாற்றி எடுப்பது சகஜம். சாப்பாட்டுக்கான வேக இன்சுலின் 20 யூனிட்டைப் படுக்கும் முன் தவறிப் போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும், மணிக்கொரு முறை சுகர் பார்க்க வேண்டும், டாக்டரை அழைக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு ரப்பர் பேண்டு சுற்றி வையுங்கள், இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

2. தெளிவான மருந்தில் கலங்கலோ துகளோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். என்பிஎச் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்து, ஒரே சீரான வெண்மை வரும் வரை கலக்குங்கள். குலுக்க வேண்டாம், நுரை தட்டும். கலக்காமல் போட்டால் ஒரு நாள் வெறும் தண்ணீரும் மறுநாள் கெட்டியான மருந்தும் போகும்.

3. புது ஊசி மாட்டி, 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். டௌஜியோவுக்கு 3 யூனிட். முனையில் சொட்டு தெரியும் வரை திரும்பச் செய்யுங்கள். மருந்து வீணாகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. சொட்டு வராத பேனாவில் உடலுக்குள் எத்தனை யூனிட் போகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

4. உங்கள் அளவைத் திருப்பி, 4 மி.மீ. ஊசியை நேர்க்குத்தாகக் குத்துங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தோலைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ரொம்ப ஒல்லியானவர்களும் குழந்தைகளும், 6 அல்லது 8 மி.மீ. சிரிஞ்ச் ஊசி பயன்படுத்துகிறவர்களும் இரு விரலால் மடிப்பெடுத்துப் போடுவது நல்லது. தசைக்குள் இறங்கினால் மருந்து எதிர்பாராத வேகத்தில் ஏறும்.

5. பொத்தானை முழுதாக அழுத்தி, அழுத்தியபடியே மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பிறகு நேராக வெளியே எடுங்கள். ஊசி நுனியில் சொட்டுச் சொட்டாக வடிந்தால் எண்ணியது போதவில்லை. தேய்க்க வேண்டாம்.

6. ஊசியைக் கழற்றிவிட்டுப் பேனாவை மூடுங்கள். ஊசியோடு வைத்தால் வெயிலில் மருந்து வெளியே கசியும், குளிரில் காற்று உள்ளே போகும்.

ஊசியை ஒரு முறைக்குத்தான் தயாரிக்கிறார்கள். நம்மூரில் ஐந்தாறு முறை போடுகிறவர்கள் உண்டு, விலைதான் காரணம் என்பதும் புரிகிறது. ஆனால் மழுங்கிய ஊசி வலிக்கும், தோலையும் கெடுக்கும். பேனாவை மட்டும் கணவன் மனைவிக்குள்ளும் பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும் கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தத் துகள் ஏறியிருக்கலாம்.

தொப்புளைச் சுற்றித் தடவிப் பாருங்கள்

வருடக்கணக்கில் இன்சுலின் போடுகிறவர்களில் பலருக்குத் தொப்புளின் இருபுறமும் மெத்தென்றோ ரப்பர் போலவோ ஒரு புடைப்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி விழுந்ததால் அங்கே கொழுப்புத் திசு பெருத்திருக்கிறது. அந்த இடத்தில் நரம்புணர்வு குறைந்து வலியும் தெரியாது என்பதால் கை தானாக அங்கேயே போகும். அதுதான் இதன் பொல்லாத்தனம்.

கட்டிக்குள் போன இன்சுலின் ஒரு நாள் பாதிதான் ரத்தத்துக்கு வரும், இன்னொரு நாள் சட்டென்று வரும். காலைச் சுகர் 110, 210, 85, 190 என்று காரணமில்லாமல் குதித்தால் உணவைக் குறை சொல்லும் முன் வயிற்றைத் தடவுங்கள். குளித்து முடித்துச் சோப்பு ஈரத்தோடு தடவினால் எளிதில் தட்டுப்படும்.

கட்டி இருந்தால் அந்த இடத்துக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுங்கள். ஆனால் கவனம்: நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு முழு வீச்சில் வேலை செய்யும், லோ சுகர் வரலாம். எனவே இடம் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டு, முதல் வாரம் அடிக்கடி சுகர் பாருங்கள்.

இனி கட்டி வராமலிருக்க, வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். தொப்புளை ஒட்டிப் போட வேண்டாம். தொடையின் மேற்புற வெளிப்பக்கமும் பிட்டமும் கூட நல்ல இடங்கள்தான்.

வெயில், ஃப்ரிட்ஜ், கரண்ட் கட்

திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு அல்லது கதவு. ஃப்ரீசரிலும் அதை ஒட்டிய தட்டிலும் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்ப்பதற்குப் பழையபடி இருந்தாலும் கெட்டதுதான்.

பயன்பாட்டில் இருப்பதை 30 டிகிரிக்குக் கீழ் வெளியே வைக்கலாம். கிளார்ஜினுக்கு 28 நாள், டௌஜியோவுக்கு 42 நாள், ட்ரெசிபாவுக்கு 56 நாள். மருந்து மிச்சமிருந்தாலும் கெடு முடிந்தால் முடிந்ததுதான். தினம் 8 யூனிட் போடுகிறவருக்கு 300 யூனிட் கிளார்ஜின் பேனா 28 நாளில் தீராது. திறந்த தேதியை ஒட்டுத் தாளில் எழுதிப் பேனாவிலேயே ஒட்டிவிடுங்கள்.

சித்திரை வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி தாண்டிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை உதவும். அகலமான பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்து, மருந்தை மூடிய டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் வெளிவெப்பத்தைவிடப் பல டிகிரி குறையும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் சற்றுக் குறைவு. பானைக்குள் ஒரு சின்ன வெப்பமானி போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம்.

பயணத்தில் ஐஸ் கட்டியை மருந்தின் மேல் நேராகப் படும்படி வைக்காதீர்கள். நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. விமானத்தில் கைப்பையில்தான், மருந்துச் சீட்டோடு.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்

டைப் 2 உள்ளவர்களுக்குப் பொதுவாக 10 யூனிட்டில், அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் கணக்கில் தொடங்குவார்கள். காலைச் சுகர் இலக்கு பெரும்பாலோருக்கு 80 முதல் 130 மி.கி. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் பழைய அளவே அதிகமாகிவிடும்.

மூன்று நாள் காலைச் சுகரைத் தொடர்ந்து பார்த்து, மூன்றும் இலக்குக்கு மேலே இருந்தால் 2 யூனிட் கூட்டுவது வழக்கமான முறை. 60 கிலோ எடையுள்ளவர் 10 யூனிட் போடுகிறார், காலையில் 162, 158, 170 என்றால் 12 ஆக்கலாம். இடையில் ஒரு நாள் 70-க்குக் கீழே போய், தெளிவான காரணம் எதுவும் இல்லையென்றால் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். சோதிக்கும் முன் கையைக் கழுவுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் சொட்டு எடுத்தால் மீட்டர் 300 கூடக் காட்டும்.

எங்கே நிறுத்துவது? கிலோவுக்கு 0.5 யூனிட்டை நெருங்கும்போது. அந்த 60 கிலோக்காரருக்கு அது 30 யூனிட். அதற்கு மேல் கூட்டும் முன் படுக்கும்போது ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை பாருங்கள். படுக்கும்போது 220, காலையில் 120 என்றால் பேசல் ராத்திரியில் நூறு புள்ளி இறக்கியிருக்கிறது. இந்த வித்தியாசம் 50-க்கு மேல் இருந்தாலே பேசல் போதுமான அளவைத் தாண்டிவிட்டதன் அறிகுறி. உண்மையான சிக்கல் இரவுச் சாப்பாட்டில் இருக்கிறது. அங்கே மூன்று சப்பாத்தியை இரண்டாக்குவதோ, சாப்பாட்டுக்கான வேறு மருந்தோதான் தீர்வு.

காலைச் சுகர் மட்டும் விடாப்பிடியாக ஏறினால் இரண்டு மூன்று நாள் அலாரம் வைத்து அதிகாலை 3 மணிக்குப் பாருங்கள். 3 மணிக்கு 62 என்றால் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். 3 மணிக்கு 135, 6 மணிக்கு 175 என்றால் விடியலில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலைத் தூண்டுகின்றன. இதற்கு யூனிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 3 மணி எண் அபாயமாக இறங்கும். மருந்தையோ போடும் நேரத்தையோ மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ காலையில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் மதியமும் மாலையும்தான் சுகர் எகிறும், காலையில் அவ்வளவு இருக்காது. அந்த மாலை எண்ணைப் பார்த்து இரவு கிளார்ஜினைக் கூட்டுவது ஆபத்து.

மறந்துவிட்டால்

கிளார்ஜின் என்றால், சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. டெக்ளுடெக்கை நினைவு வந்ததும் போடலாம், அடுத்த ஊசிக்கு 8 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாமல் இருப்பதே டைப் 2 உள்ளவருக்குப் பாதுகாப்பு. டைப் 1 (கணையம் இன்சுலினை அநேகமாகச் சுரக்காத வகை) என்றால் சுகரையும், இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே டாக்டரை அழையுங்கள். எப்படியானாலும் இரட்டை அளவு கூடாது. காலண்டரில் ஒரு டிக் அடித்தால் இந்தச் சந்தேகமே வராது.

லோ சுகர்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமற்ற எரிச்சல். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லையென்றால் மறுபடியும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் சரியாக உதவாது, ஏனெனில் அது உடைபடுவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கையோடு வைத்திருக்க வேண்டும்.

நீண்ட நேர இன்சுலினால் வந்த லோ ஒரு முறை சரியானதும் போய்விட்டது என்று படுத்துவிடாதீர்கள், மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். கூடவே கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சலும் நோன்பும்

டைப் 1 உள்ளவர் சாப்பிடவே இல்லையென்றாலும் பேசலை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீட்டோன் ஏறி ஒரே நாளில் ஐசியு வரை போகும். டைப் 2 உள்ளவருக்கு வாந்தி, பேதி இருந்தால் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும், போனில் கேட்டுக்கொள்ளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளை அப்போது நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். சுகர் அதிகம் ஏறாமலேயே கீட்டோன் ஏற வைப்பவை அவை.

ரமலான் நோன்பில் தினம் ஒரு வேளை பேசல் போடும் டைப் 2 உள்ளவருக்கு அளவை 15 முதல் 30 சதவீதம் குறைத்து இஃப்தார் நேரத்தில் போடுவது வழக்கம். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரத்தச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது, 70-க்குக் கீழே போனால் நோன்பை முறிக்கத்தான் வேண்டும். சஷ்டி, ஏகாதசி விரதத்துக்கும் அளவை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

போட்ட ஊசிகள்

வெறும் குப்பைக் கவரில் போட்டால் மறுநாள் அது துப்புரவுப் பணியாளரின் கையில்தான் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், திரவ சோப்பு வந்ததைப் போன்றதில், போட்டு வாருங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, மேலே 'ஊசிகள்' என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் துப்புரவுப் பணியாளரிடம் விவரம் சொல்லி ஒப்படையுங்கள். வாங்க மறுத்தால் நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுத்துவிடலாம்.